தொலைக்காட்சியின் முதுகுப்புறம்

புதிய செட்டாப் பெட்டி ஒன்று வீட்டுக்கு வரும் நாள் வரை தொலைக்காட்சியின் முதுகுப்புறத்தை நாம் பார்ப்பதில்லை. பெட்டியைச் சற்றே திருப்பி, தூசு படிந்த அந்தப் பகுதியில் கைவிளக்கை அடித்துக் குனிந்து பார்க்கும்போதுதான், வட்டமாகவும் தட்டையாகவும், மஞ்சளும் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு வரிசைத் துளைகள் நம் கண்ணில் படுகின்றன. செட்டாப் பெட்டியின் பின்னாலும் அதேபோல ஒரு வரிசை. இரண்டையும் எந்தக் கேபிளால் இணைப்பது? கடைக்குப் போனால் குழப்பம் கூடுகிறது. ஒரே மாதிரித் தோன்றும் இரண்டு கேபிள்களை எடுத்துக் காட்டி, ஒன்றுக்கு நூற்றுச் சொச்சம் ரூபாய் என்றும், மற்றதற்கு ஆயிரங்களில் ஒரு விலையும் சொல்கிறார் கடைக்காரர். விலை கூடியதில் படம் பளிச்சென்று தெரியுமாம்.

இந்தத் துளைகள் ஒரே காலத்தில் ஒரே மேசையில் வைத்து வரையப்பட்டவை அல்ல. வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு தேவைகளுக்காக, சுமார் நூறு ஆண்டுகளில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தவை. கோயில் சுவரில் பல அரசர்களின் கல்வெட்டுகள் பக்கம் பக்கமாக இருப்பதுபோல இங்கே பல காலங்கள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. அவற்றை வரிசையாகப் படித்துக்கொண்டு போனால், எந்தக் கேபிளைத் தேர்வது என்பதற்கு விடை கிடைக்கும். அதோடு, பார்வையாளராகிய நம்மைப் பற்றி ஒவ்வொரு காலமும் என்ன நினைத்தது என்பதும் தெரியவரும்.

*

வரிசையில் மூத்தது ஆன்டெனாத் துளை. அதற்கான வடத்தின் கதை தொலைக்காட்சிக்கு முந்தையது. நடுவில் ஒரு செம்புக்கம்பி, அதைச் சுற்றி மின்கடத்தாப் பொருள், அதற்கு மேல் பின்னல் வலையாக இன்னொரு கடத்தி, எல்லாவற்றுக்கும் மேலாக ஓர் உறை. இந்த அமைப்புக்கு 1880இலேயே இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றவர் ஆலிவர் ஹெவிசைடு. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1929இல், அமெரிக்காவின் ஏ.டி. அண்டு டி. நிறுவனத்தைச் சேர்ந்த லாயிட் எஸ்பென்ஷீடும் ஹெர்மன் அஃபெலும் பரந்த அலைவரிசைகளைச் சுமக்கவல்ல வடத்துக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார்கள். தொலைக்காட்சிப் படத்தை ஊர்விட்டு ஊர் கொண்டுசெல்ல ஒரு வழி வேண்டும் என்பது அவர்களுடைய நோக்கங்களில் ஒன்று. வெளிப் பின்னல் வெளியிலிருந்து வரும் இரைச்சலை உள்ளே விடாது, உள்ளே ஓடும் குறிகையையும் கசிய விடாது.

நம் ஊர் மாடிகளில் மீன்முள்போல நின்ற ஆன்டெனாக்களை நினைவில் வைத்திருப்பவர்கள், அவற்றிலிருந்து இறங்கிய பட்டை ஒயரையும் நினைவில் வைத்திருப்பார்கள். இரண்டு கம்பிகள் இடைவெளி விட்டு இணையாக ஓடும் அந்த ஒயரின் மின்மறுப்பு 300 ஓம். உருண்டை வடத்தினுடையது 75 ஓம். இரண்டையும் அப்படியே முறுக்கிச் சேர்த்தால் குறிகையின் ஒரு பகுதி முட்டித் திரும்பும். திரும்பிய அலை சற்றுத் தாமதமாக மீண்டும் வந்து சேரும்போது, செய்தி வாசிப்பவருக்குப் பக்கத்தில் அவருடைய மங்கலான நிழலுருவம் ஒன்றும் வாசித்துக்கொண்டிருக்கும். நடுவில் ஒரு சிறு மின்மாற்றியை வைத்தால் தொல்லை தீர்ந்தது.

அந்தக் காலத்தில் கேபிளைத் தேர்வதில் எழுந்த கேள்விகள் எல்லாமே இப்படிப்பட்டவைதாம். ஓம், நீளம், மழையில் துருப்பிடித்த முனை, காக்கை உட்கார்ந்து திரும்பிய கம்பி. காற்றில் வந்ததைப் பிடிப்பதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியிருக்கவில்லை. 1984 வரை இந்தியாவில் தொலைக்காட்சி வைத்திருக்க அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் செலுத்தவேண்டியிருந்தது உண்மை. ஆனால் அந்த உரிமம் மேசை இழுப்பறையில் கிடந்ததே தவிர ஒயருக்குள் குடியேறவில்லை.

*

தொலைக்காட்சியின் தலைமேல் இன்னொரு பெட்டி ஏறியது அமெரிக்காவில். பென்சில்வேனியா மாநிலத்தின் மலையிடைச் சிற்றூர்களில் ஃபிலடெல்ஃபியா நிலையத்தின் அலைகளை மலைகள் மறித்துக்கொண்டிருந்தன. லான்ஸ்ஃபோர்டு என்ற ஊரில் வானொலிக்கடை வைத்திருந்த ராபர்ட் டார்ல்டன், 1950இல் மலைமேல் ஓர் ஆன்டெனாவை நட்டு, அங்கிருந்து வடமிழுத்து வீடுகளுக்குக் கட்டணத்துக்குக் கொடுத்தார். அதற்கான பெருக்கிகளைத் தந்தது ஃபிலடெல்ஃபியாவின் ஜெரால்டு நிறுவனம். அந்நிறுவனத்தைத் தொடங்கிய மில்டன் ஷாப் பின்னாளில் அம்மாநிலத்தின் ஆளுநரானார். அதே நிறுவனத்தில் எரிக் வின்ஸ்டன் 1950களில் உருவாக்கிய திருகுமுனைதான் இன்றும் நம் செட்டாப் பெட்டிகளில் வடம் வந்து நுழையும் இடம். தனியாக ஓர் ஊசி வைக்காமல், வடத்தின் நடுச்செம்பையே சற்று நீட்டிவிட்டு அதையே ஊசியாகக் கொண்டது அவருடைய சிக்கனம்.

பின்னர், தொலைக்காட்சியின் குமிழில் இருந்த எண்களைவிட வடத்தில் வந்த அலைவரிசைகள் அதிகமாயின. ஆகவே மாற்றிப் பெட்டி ஒன்று தேவைப்பட்டது. அது வேண்டிய அலைவரிசையைப் பிரித்தெடுத்து, மூன்றாவது அல்லது நான்காவது அலைவரிசையாகத் தொலைக்காட்சிக்கு ஊட்டியது. தொலைக்காட்சி நிரந்தரமாக ஓர் எண்ணில் நின்றுவிட்டது. சேனல் மாற்றும் வேலை அதன் கையிலிருந்து பெட்டியின் கைக்குப் போனது. அன்றைக்கு இது வெறும் வசதி. ஆனால் எந்தப் படம் உள்ளே வரலாம் என்று தீர்மானிக்கும் வாயில் தொலைக்காட்சிக்கு வெளியே நகர்ந்தது இந்த இடத்தில்தான் என்பதைக் குறித்துக்கொள்வோம்.

*

அடுத்து மஞ்சள், சிவப்பு, வெள்ளைத் துளைகள். இவற்றின் வடிவம் 1930களில் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனம் இசைத்தட்டுக் கருவியை வானொலியோடு இணைப்பதற்காகச் செய்தது. வீடியோ ரெக்கார்டர்கள் வீட்டுக்கு வந்தபோது அதே முனை படத்துக்கும் பயன்பட்டது. மஞ்சளில் படம், சிவப்பில் வலப்பக்க ஒலி, வெள்ளையில் இடப்பக்க ஒலி. எழுத்தறியாதவரும் நிறம் பார்த்துப் பிழையின்றிச் செருகலாம்.

மஞ்சள் ஒயரில் ஒரு குறை உண்டு. ஒளிர்வு, நிறம், நேர ஒழுங்குக் குறிகை ஆகிய மூன்றும் ஒரே கம்பியில் கலந்து ஓடுகின்றன. நாம் பின்பற்றிய 'பால்' முறையில் நிறம் 4.43 மெகாஹெர்ட்ஸ் துணை அலையில் ஏறி வரும். படத்தில் மிக நெருக்கமான கோடுகள் இருந்தால் அவையும் அதே வீச்சில் விழும். தொலைக்காட்சி கோட்டை நிறமென்று நம்பிவிடும். மெல்லிய கோடு போட்ட சட்டை அணிந்தவர் அசையும்போதெல்லாம் அதில் வானவில் நெளிந்தது இதனால்தான். 1987இல் ஜப்பானின் ஜே.வி.சி. நிறுவனத்தின் சூப்பர் வி.எச்.எஸ். கருவிகளோடு பரவிய எஸ்-வீடியோ, நிறத்தையும் ஒளிர்வையும் இரண்டு கம்பிகளில் பிரித்தது. அதன்பின் வந்த சிவப்பு, பச்சை, நீல முனைகள் கொண்ட 'காம்பொனன்ட்' ஒயர் மூன்றாகப் பிரித்தது.

படக்கருவிகளுக்கு இடையே இப்படித் திறந்த ஒயர்கள் ஓடத் தொடங்கியதும் ஹாலிவுட்டுக்கு அச்சம் வந்தது. யுனிவர்சல், டிஸ்னி நிறுவனங்கள் 1976இல் சோனியின் மீது வழக்குத் தொடுத்தன. 1984 ஜனவரி 17 அன்று அமெரிக்க உச்சநீதிமன்றம், ஒளிபரப்பைப் பதிவுசெய்து பிறகு வீட்டில் பார்ப்பது நியாயமான பயன்பாடே என்று ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. ஒரே ஒரு நீதிபதி மாற்றி நினைத்திருந்தால் மஞ்சள் துளையின் வரலாறு வேறுவிதமாகியிருக்கும். சட்டத்தில் கிடைக்காததைப் பொறியியலில் தேடும் முயற்சி அதையடுத்துத் தொடங்கியது. மேக்ரோவிஷன் என்ற முறை, கண்ணுக்குத் தெரியாத வரிகளில் போலித் துடிப்புகளைச் செருகி, பதிவுக்கருவியின் தன்னியக்கச் சீராக்கியைக் குழப்பிவிட்டது. தொலைக்காட்சியில் படம் நன்றாகத் தெரியும். பதிவு செய்தாலோ வெளிச்சம் ஏறி இறங்கும்.

படமெடுப்பவர்களின் அச்சத்தை வெறும் பேராசை என்று ஒதுக்கிவிட முடியாது. புதிய படம் திரையரங்கில் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் கள்ளக் காணொளி நாடாக்கள் வாடகைக்குக் கிடைத்த 1980களை நம்மில் பலர் அறிவோம். 1984இல் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம். இழப்பு உண்மையானது. அதற்கான காவலை எங்கே நிறுத்துவது என்பதுதான் கேள்வி.

*

நமக்கு அதிகம் அறிமுகமில்லாத ஒரு துளையைப் பார்க்க பிரான்சுக்குப் போகவேண்டும். தொலைக்காட்சியின் முதுகில் ஓர் அரசு நேரடியாகக் கைவைத்த இடம் அது. அங்குள்ள உற்பத்தியாளர் சங்கத்தின் பெயரின் முதலெழுத்துகளால் 'ஸ்கார்ட்' எனப்பட்ட, 21 தொடுமுனைகள் கொண்ட அகலமான துளை, 1980 முதல் அந்நாட்டில் விற்கப்பட்ட புதிய தொலைக்காட்சிகளுக்குக் கட்டாயமாக்கப்பட்டது. படம், இருபக்க ஒலி, மூன்று நிறங்களின் தனித்தனிக் குறிகைகள் எல்லாம் ஒரே செருகலில் செல்லும்; படமும் ஒலியும் இருதிசையிலும் போய்வரும். எட்டாவது தொடுமுனையில் 12 வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் வந்தால் தொலைக்காட்சி தானாகவே அந்தக் கருவிக்கு மாறிக்கொள்ளும்.

வெளிநாட்டுத் தொலைக்காட்சிகளின் வரவுக்கு இது ஒரு தடையாகவும் உதவியது என்று சொல்லப்படுவதுண்டு. நம்பத் தயங்குபவர்களுக்கு இன்னொரு செய்தி. 1982 அக்டோபரில் அதே அரசு, இறக்குமதியாகும் வீடியோ ரெக்கார்டர்கள் அனைத்தும் பொவாத்தியே என்ற உள்நாட்டு நகரத்தின் சிறிய சுங்கச்சாவடி வழியாகவே வரவேண்டும் என ஆணையிட்டது. 732இல் அராபியப் படையை சார்ல்ஸ் மார்ட்டெல் தடுத்து நிறுத்திய போர் அந்த ஊரின் பெயரால் அறியப்படுவது. இம்முறை அங்கே நின்றவை ஜப்பானியப் பெட்டிகள்.

ஆனால் கட்டாயத்தின் பலன் வேறொரு திசையில் விளைந்தது. 1984 நவம்பர் 4 அன்று கனால் பிளஸ் என்ற கட்டணத் தொலைக்காட்சி தொடங்கியபோது, அதன் மறைகுறிநீக்கும் பெட்டியை இணைக்கத் தேவையான துளை ஏற்கெனவே பல வீடுகளில் காத்திருந்தது. கலைந்த படம் தொலைக்காட்சியிலிருந்து பெட்டிக்குப் போய், தெளிந்து, அதே கேபிளில் திரும்பியது. பொதுத்தரம் ஒன்றை வகுத்தவர்களின் உள்நோக்கம் எதுவாக இருந்தாலும், எந்த நிறுவனத்தின் பெட்டியும் எந்த நிறுவனத்தின் தொலைக்காட்சியோடும் பேசலாம் என்ற நிலை பார்வையாளருக்கு நன்மையாகவே முடிந்தது.

*

அத்தகைய பொதுத்துளையின் அருமையைச் சென்னை இருபது ஆண்டுகள் கழித்து உணர்ந்தது. 2002இல் திருத்தப்பட்ட கேபிள் தொலைக்காட்சிச் சட்டத்தின்படி, கட்டணச் சேனல்களுக்குச் செட்டாப் பெட்டி கட்டாயம் என்ற முறை நடைமுறைக்கு வந்த முதல் இந்திய நகரம் சென்னை. நாள் 2003 செப்டம்பர் 1. பெட்டி வாங்கியவர்கள் சொற்பம். இலவசச் சேனல்கள் பழையபடியே நேரடியாக வந்ததால், பெரும்பாலோர் அவற்றோடு அமைந்துவிட்டார்கள்.

வாங்கியவர்களின் வீட்டிலும் ஒரு விநோதம் நிகழ்ந்தது. எண்மியப் படத்தில் ஒளிர்வும் நிறமும் பிரிந்தே வருகின்றன. செட்டாப் பெட்டி அவற்றை மஞ்சள் ஒயருக்காக மீண்டும் கலந்தது. தொலைக்காட்சி மீண்டும் பிரித்தது. மஞ்சள் துளையே இல்லாத பழைய தொலைக்காட்சியானால், கலந்த படத்தை மேலும் ஓர் அலைவரிசையில் ஏற்றி ஆன்டெனாத் துளை வழியே அனுப்பவேண்டும். தெளிவு இன்னும் குறையும். இருபக்க ஒலி ஒன்றாகிவிடும். பணம் கொடுத்து வாங்கிய எண்மியத் தெளிவு கடைசி ஒரு மீட்டர் ஒயரில் தொலைந்துபோயிற்று.

இருப்பினும் அந்த ஒயர்தான் வீடுகளைக் காப்பாற்றியது. 2006 முதல் தமிழக அரசு வழங்கிய 14 அங்குல இலவச வண்ணத் தொலைக்காட்சிகள் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குச் சென்றன. 2012இல் பெருநகரங்களில் தொடங்கிய எண்மிய மாற்றம் படிப்படியாக மற்ற ஊர்களுக்கும் வந்து, 2017இல் அரசு கேபிள் நிறுவனமும் எண்மியப் பெட்டிகளை வழங்கியபோது, மஞ்சள் துளையுள்ள எந்தக் குழாய்த் தொலைக்காட்சியும் குப்பைக்குப் போகவேண்டியிருக்கவில்லை. 1930களின் இசைத்தட்டு முனை இங்கே ஏழை வீட்டுக் கூடத்தில் எண்மிய யுகத்தை வரவேற்றது.

*

கடைசியாக, தட்டையான அந்தச் சிறு துளை. ஹிட்டாச்சி, மாட்சுஷிட்டா, பிலிப்ஸ், சிலிக்கன் இமேஜ், சோனி, தாம்சன், தோஷிபா ஆகிய ஏழு நிறுவனங்கள் சேர்ந்து வகுத்த எச்.டி.எம்.ஐ. முறையின் முதல் பதிப்பு 2002 டிசம்பரில் வெளியானது. 19 தொடுமுனைகள். படமும் ஒலியும் எண்களாகவே போகின்றன. கலப்பதுமில்லை, பிரிப்பதுமில்லை. சென்னை வீட்டில் கடைசி ஒரு மீட்டரில் தொலைந்த தெளிவு இந்த ஒயரில் முழுமையாக வந்து சேர்கிறது. பொறியியல் நோக்கில் இதைவிட நேர்மையான ஒயர் முன்பு இருந்ததில்லை.

ஆனால் இதற்குள் ஒரு காவலரும் குடியிருக்கிறார். இன்டெல் நிறுவனம் வகுத்த எச்.டி.சி.பி. என்ற மறையாக்க முறைப்படி, படத்தை அனுப்புவதற்கு முன் செட்டாப் பெட்டி தொலைக்காட்சியிடம் அடையாளம் கேட்கும். அதன் முதல் பதிப்பில் ஒவ்வொரு கருவிக்கும் தலா 56 பிட் நீளமுள்ள 40 இரகசியத் திறவுகோல்கள். இருவரும் தத்தம் திறவுகோல்களைக் கூட்டி ஒரே விடைக்கு வந்தால்தான் படம். அதன்பிறகும் சுமார் இரண்டு நொடிக்கு ஒருமுறை கணக்குச் சரிபார்க்கப்படும். விலக்கிவைக்கப்பட்ட கருவிகளின் பட்டியல் ஒன்றும் உண்டு. அதில் பெயர் ஏறினால் படம் மறுக்கப்படும். பெட்டியும் சரி, கேபிளும் சரி, தொலைக்காட்சியும் சரி, ஆனால் திரை மட்டும் கறுப்பு என்று நாம் தலையைச் சொறியும்போது, பல நேரங்களில் நடந்திருப்பது இந்தக் கைகுலுக்கலில் ஏற்பட்ட பிணக்குதான்.

இதன் விளைவுகளை முதலில் சந்தித்தவர்கள், ஏமாற்றும் எண்ணமே இல்லாதவர்கள். அமெரிக்காவில் உயர்தெளிவுத் தொலைக்காட்சியை முந்திக்கொண்டு வாங்கியவர்களிடம் காம்பொனன்ட் துளைதான் இருந்தது. ப்ளூரே உரிம விதிகள், 2010க்குப் பிறகு உற்பத்தியாகும் கருவிகள் அத்துளை வழியே உயர்தெளிவுப் படத்தைத் தரக்கூடாதென்றும், 2013க்குப் பிறகு அத்தகைய துளையே இருக்கக்கூடாதென்றும் நாள் குறித்தன. 4கே தொலைக்காட்சியை முதன்முதலாக வாங்கியவர்களுக்கும் அதே கதி. 2013இல் வந்த எச்.டி.சி.பி. 2.2 பதிப்பை அறியாத அக்கருவிகளுக்குப் பாதுகாக்கப்பட்ட 4கே படம் மறுக்கப்பட்டது. கண்ணாடியும் விளக்கும் பழுதின்றி இருந்தன. இல்லாமற்போனது அனுமதி மட்டுமே. காவல் யாரைத் தடுக்க வேண்டுமோ அவர்களைத் தடுத்ததா என்றால், 2010 செப்டம்பரில் முதல் பதிப்பின் மூலத்திறவுகோலே வெளியாகிவிட்டது. அது உண்மையானதுதான் என்று இன்டெல் நிறுவனமும் ஒப்புக்கொண்டது. கள்ளப்பிரதி எடுப்பவருக்குத் திறந்துகொண்ட கதவு, பழைய தொலைக்காட்சி வைத்திருந்த வீட்டுக்காரருக்கு மூடியே இருந்தது.

*

இனி கடைக்காரரிடம் திரும்புவோம். இரண்டு கருவிகளிலும் எச்.டி.எம்.ஐ. துளை இருந்தால் அதுவே போதும். எண்கள் வந்து சேரும், அல்லது சேராது. சேராவிட்டால் படத்தில் புள்ளிகள் மின்னும், இல்லையேல் அறுந்து அறுந்து வரும். வந்து சேர்ந்த எண்களை விலை கூடிய செம்பு மேலும் அழகாக்கிவிடாது. 1080 வரி உயர்தெளிவு தரும் வழக்கமான கேபிள் பெட்டிக்கு ஓரிரு மீட்டர் நீளச் சாதாரணக் கேபிள் தாராளம். 4கே பெட்டியானால் நொடிக்கு 18 கிகாபிட் சுமக்கும் 'பிரீமியம் ஹை ஸ்பீடு' சான்றுள்ளதாகப் பார்க்கலாம். தங்கமுலாம் துருவைத் தடுக்கும். கடற்காற்று வீசும் ஊரில் அதற்கு ஒரு பயன் உண்டு, நிறத்தைக் கூட்டுவதற்கு அல்ல. எச்.டி.எம்.ஐ. இல்லையென்றால் காம்பொனன்ட், அதுவும் இல்லையென்றால் எஸ்-வீடியோ, அதற்கடுத்து மஞ்சள், எதுவுமே இல்லாதபோது ஆன்டெனாத் துளை. வரலாற்றைப் பின்னோக்கி நடக்கும் வரிசைதான் இது.

புதிய பெட்டி வாங்கும்போது கேட்கவேண்டிய இன்னொரு கேள்வியும் உண்டு. அதன் முதுகில் மஞ்சள் துளை இன்னும் இருக்கிறதா? உள்ளறையில் பாட்டி பார்க்கும் பழைய தொலைக்காட்சியின் ஆயுள் அதைப் பொறுத்தது. படம் காற்றில் வந்த காலத்தில் ஒயர் நம் பக்கம் நின்றது. இன்று அது இரு தரப்புக்கும் நடுவில் நிற்கிறது. நாம் கேட்காதவரை அடுத்த தரத்தை வகுக்கும் மேசையில் நமக்கு இடம் கிடைக்கப்போவதில்லை.

எச்.டி.எம்.ஐ. கேபிளைச் செருகியாயிற்று. படம் வந்துவிட்டது. பழைய மூவண்ண ஒயரைச் சுருட்டி நாம் இழுப்பறையில் வைக்கிறோம், எறிந்துவிட மனமின்றி.